வரைபடமும் மலைச்சரிவும்



பதுளைக்குப் புகைவண்டியிற் செல்வோர் தெமோதரை நிலையத்தில் ஒரு விந்தையைக் காண்பர். நிலையத்தை விட்டு நீங்கிய வண்டி மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று நேரத்தில் அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கவழியிற் புகுந்து அப்பாற் செல்கிறது. 1924ஆம் ஆண்டிற் பதுளையை எட்டிய இப்பாதை, செங்குத்தாய் இறங்குதல் புகைவண்டிக்கு இயலாதாகையால், இவ்வாறு சுற்றிச் செல்ல நேர்ந்தது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வெண்ணம் உதித்ததென்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, தலைப்பாகை நல்ல உவமைதான்.

பொறிமுறை வரைதலைக் கற்கப் புகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெமோதரையையே முதற் பாடமாக வைக்கலாம் என்பது என் கருத்து. மேலிருந்து நோக்கி வரைவது கிடைப்படம். அதில் இரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். வண்டிகள் மோதிவிடுமோ என்று அஞ்சத் தோன்றும். பக்கத்திலிருந்து நோக்கி வரைவது நிலைப்படம். அதில் ஒன்று மேலும் மற்றது கீழுமாகத் தெரியும். ஆனால் வளைவு தெரியாது. இரண்டையும் ஒருங்கே படிப்பவனுக்கே பாதையின் உண்மை வடிவம் புலனாகும். கண்ணுக்கு மறைந்த சுரங்கப் பகுதியை விட்டுவிட்டு இழுத்த கோடுகளாற் காட்டுவது மரபு. இவ்வளவையும் கற்பிக்க ஒரு பென்சிலும் மூலைமட்டமும் போதும்.

இக்காலத்துப் பிள்ளைகள் கணினியில் வரையவே விரும்புவர். அதில் தவறில்லை. ஃப்ரீகேட் போன்ற செயலிகள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆயினும் கட்டளைகளை மனனம் செய்வதே வரைதல் என்று எண்ணிவிடலாகாது. கணினி கோட்டை நேராக இழுத்துத் தரும். எந்தக் கோடு வேண்டும் என்பதை அது அறியாது.

தொடக்கத்தில் மாணவர் இடறும் இடம் அளவிடையே. தாளில் வரையும்போது பொருளைச் சுருக்கி வரைகிறோம். கணினியிலோ உள்ளது உள்ளபடி முழு அளவில் வரைந்து, அச்சிடும்போதுதான் சுருக்குகிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு லயக் காம்பராவை எடுத்துக்கொள்வோம். நம்மவர் வாயில் வருவது அடிக்கணக்கு. கணினி கேட்பதோ பெரும்பாலும் மில்லிமீற்றர். பத்தடிக்கு 10 என்று இட்டால், வருவது ஒரு சென்ரிமீற்றர் அறை; அதில் எறும்புதான் குடியிருக்கலாம்! 3048 என்று இடல் வேண்டும். ஐம்பதில் ஒன்றாகச் சுருக்கினால் அக்காம்பரா தாளில் 61 மில்லிமீற்றர் நீளமும் 73 மில்லிமீற்றர் அகலமுமாக அமையும். மாணவன் தன் வீட்டைத் தானே அளந்து வரைந்து, அச்சிட்ட தாளில் அளவுகோலை வைத்துச் சரிபார்க்கட்டும்.

ஊவாவில் இக்கல்வி இத்துடன் முடிவதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. சரிவு நிலத்திற் கட்டும் வீட்டுக்குக் கிடைப்படம் மட்டும் இருந்தால், அது சமவெளி வீட்டின் படம் போலவே காட்சி தரும். ஆபத்தை வெளிப்படுத்துவது வெட்டுமுகப் படம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்களைப் பத்தாயிரத்தில் ஒன்று என்னும் அளவிடையில் ஆக்கியுள்ளது. தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட ஏழு பேர்ச் நிலம் ஏறத்தாழப் பதின்மூன்று மீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரம். அப்படத்தில் அது ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டிய புள்ளி! எவ்வலயத்தில் உள்ளோம் என்பதைப் படம் கூறும். வீட்டை எங்ஙனம் அமைப்பது என்பதற்கு நூறில் ஒன்றாக நாமே வரைதல் வேண்டும்.

சமவுயரக் கோடுகளைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புகட்டுவது எளிது. மலையைக் குறுக்கே சுற்றி வெட்டிய கான்களைப் பிறந்தது முதற் கண்டவர்கள் அவர்கள். ஒரு கல்லைப் பாத்திரத்தில் வைத்து, நீரை ஒவ்வொரு சென்ரிமீற்றராக உயர்த்தி, நீர் தொட்ட விளிம்பைச் சுண்ணக்கட்டியாற் குறித்து, மேலிருந்து நோக்கச் செய்க. கோடுகள் நெருங்குமிடம் செங்குத்து, அகலுமிடம் தாழ்சரிவு என்பது தானே விளங்கும்.

பின்னர் ஒரு கணக்கு. இரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவில், ஆறு மீற்றர் அகலத்துக்கு மண்ணை வெட்டிச் சமதளமாக்கினால், வீட்டின் பின்னே நிற்கும் மண்சுவர் மூன்று மீற்றர், அதாவது பத்தடி. கிடைப்படத்தில் அது வெறும் ஒரு கோடு. வெட்டுமுகத்தில் கூரையளவு எழுந்து நிற்கும். அவ்வெட்டுமுகத்தை நிலத்தின் எல்லையோடு நிறுத்துவோர் பலர். அது போதாது. கோட்டை மேலே மலையின் மீதும் கொண்டு செல்லச் சொல்லுக. மழைநீர் எவ்வழி இறங்கி எந்தக் கானிற் சேரும் என்பதையும் அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்லுக.