நிழலுக்குப் பழகிய கண்



தென்காசி வழியே குற்றாலம் செல்வோர் அருவியில் நீராடிக் குற்றாலநாதரை வணங்கியபின், சற்றுத் தள்ளியிருக்கும் சித்திர சபையையும் கண்டு வருதல் வேண்டும். கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் அது ஒன்று. அங்கே இறைவன் சுவரில் தீட்டிய ஓவியமாகவே ஆடுகின்றான். வெயிலிலிருந்து உள்ளே புகுந்தவுடன் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. மங்கிய ஒளிக்குக் கண் பழகப் பழக உருவங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும்.

கண் இருளுக்குப் பழகுவது நன்று. மனம் இருளுக்குப் பழகினால் என்ன ஆகும்? இவ்வினாவை எழுப்பிய திரைப்படங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

1940-களில் அமெரிக்காவில் ஒருவகைக் குற்றக் கதைப் படங்கள் தோன்றின. அவற்றைப் போருக்குப் பின் கண்ட நீனோ ஃபிராங்க் என்னும் பிரெஞ்சு விமர்சகர், 1946-இல் 'கறுப்புப் படங்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஹிட்லரின் ஆட்சி வந்தபோது ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர் முதலியோர் இத்துறையில் சிறந்து விளங்கினர். காமத்தை வெளிப்படையாகக் காட்டத் தணிக்கை விதிகள் இடம் தரவில்லை. ஆகவே நிழலும் குறிப்பும் பேச வேண்டியவற்றைப் பேசின.

வைல்டர் 1944-இல் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி' என்னும் படத்தைப் பாருங்கள். காப்பீட்டு முகவன் ஒருவன் மோட்டார் காப்பீட்டைப் புதுப்பிக்க ஒரு வீட்டிற்குச் செல்கின்றான். வீட்டுக்காரரின் மனைவிமீது மோகம் கொள்கின்றான். கணவன் அறியாமலே அவன் பெயரில் விபத்துக் காப்பீடு எடுக்கின்றனர். பின்னர் அவனைக் கொல்கின்றனர். பணத்திற்காகக் கூடிய இருவரும் ஒருவரையொருவர் ஐயுற்று, முடிவில் ஒருவரையொருவர் சுடுகின்றனர். முகவன் முதல் நாளே கொலைகாரனாக இல்லை. ஒவ்வொரு படியிலும் சிறிதளவு இருளுக்கு உடன்பட்டான், அவ்வளவே.

நம் முன்னோர் ஒத்த அன்பை ஐந்திணை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்தறிந்தனர். அப்பிரிவின் அருமை இத்தகைய கதைகளில் நன்கு புலப்படும்.

தமிழிலும் இவ்வகையில் ஓர் அரிய படம் உண்டு. ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்'. அதனை இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். இசையில் தோய்ந்த அவர், பாட்டே இல்லாத படத்தை எடுத்தது வியப்பன்றோ?

1943-இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய காலத்துக் கதை அது. சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்பட்டுக் கிடக்கின்றான். அவனைச் சார்ந்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, அவனுடைய உண்மை உருவம் சிறிது சிறிதாகத் துலங்குகின்றது. தன் அறிவை நாடு மதிக்கவில்லை என்னும் மனக்குறை முதலில். மனைவியை மறந்து நடனமாது ஒருத்தியோடு கொண்ட உறவு மற்றொன்று. பகைவருக்கு நாட்டைக் காட்டிக்கொடுத்தது முடிவு. மக்களை இணைக்கும் வானொலியே அவன் கையில் துரோகத்தின் கருவியாயிற்று.

அவனைக் காதலித்து மணந்தவள் உஷா. அப்பாத்திரத்தில் பண்டரிபாய் நடித்தார். கணவனின் இருளுக்குத் தன் கண்ணைப் பழக்கிக்கொள்ள அவள் இசையவில்லை. அவள் கைத்துப்பாக்கியாலேயே அவன் இறந்தான். ஆயினும் அவள் வென்றவளாக நிற்கவில்லை; எல்லாம் இழந்தவளாகவே நிற்கின்றாள்.

இளைஞர்களே, இத்தகைய முடிவு நம் வாழ்வில் நேராது. ஆனால் அன்புடையார் தவறு செய்யும்போது அதை மூடி மறைப்பதா, முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதா என்னும் கேள்வி எவருக்கும் ஒருநாள் வரும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது எளிது; பழகியபின் சொல்வது அரிது. சித்திர சபையிலிருந்து வெளியே வரும்போது வெயில் கண்ணைக் கூசச் செய்யும். அக்கூச்சம் நமக்குள் இருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை.