‘டிசாஸ்டர்’ என்னும் சொல்



மிஷன் பள்ளியிலே நாம் ஆங்கிலம் கற்ற காலத்தில் ‘டிசாஸ்டர்’ என்பதற்குப் ‘பேராபத்து’ எனப் பொருள் எழுதி மனனஞ் செய்தோம். அச்சொல்லினுள்ளே ஒரு நட்சத்திரம் ஒளிந்திருப்பதை எவரும் காட்டினாரில்லை. இத்தாலிய மொழியில் ‘அஸ்த்ரோ’ என்றால் விண்மீன். ‘டிஸ்’ என்பது கேட்டைக் குறிக்கும் முன்னொட்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்த இச்சொல், தீய கோளால் விளைந்த கேட்டையே உணர்த்திற்று. நாள் செய்வது நல்லார் செய்யார் என்னும் நம்மவர்க்கு இது புதுமையன்று.

ஆயினும் ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில், தாமே தேடிய கேட்டுக்குச் சூரிய சந்திரர்மேற் பழிபோடுவோரை எட்மண்ட் எள்ளி நகையாடுகிறான். அவன் கொடியவன்தான், அதனாற் சொன்னது பொய்யாகிவிடுமா?

தமிழகத்தார் ‘பேரிடர்’ என்பதை நாம் ‘அனர்த்தம்’ என்கிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தது. 2005இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. அனர்த்தம் எனின் அர்த்தமற்றது என்றும் பொருள்!

கறியில் உப்புக் கூடினாலும் ‘டிசாஸ்டர்’ என்பர் நம் சர்வகலாசாலைத் தோழர். அது விளையாட்டு, விட்டுவிடுவோம். அறிஞர் வழக்கோ நுட்பமானது. ஆளில்லாத் தீவில் வீசும் புயல் வெறும் புயலே. மக்கள் குடியிருந்து, தம் வலிமையால் தாங்கவொண்ணாது இழக்கும்போதே அது ‘டிசாஸ்டர்’ ஆகும். ஆதலால் பாதிப் பொறுப்பு நம் கையிலுண்டு. வெள்ளவாய்க்காலை அடைத்து மதில் எழுப்பிவிட்டு, மாரியில் முற்றத்துக்குத் தண்ணீர் வந்தால் எந்த நட்சத்திரத்தை நோவது?