நட்ட மரமும் நின்ற மரமும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாரிகாலத்தில் நமது மன்றம் நடத்தவிருக்கும் மரநடுகைத் தொண்டினைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நான் சற்றே தயங்கினேன். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் யூன் 5ஆந் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, நானும் என் தோழர்களும் வீதியோரத்தில் 25 கன்றுகளை நட்டோம். படம் பிடித்தோம், பேசினோம், கை தட்டினோம், வீடு சென்றோம். கச்சான் காற்று வீசத் தொடங்கி ஒரு மாதம் கழியுமுன் 23 கன்றுகள் கருகின. மற்றைய இரண்டையும் மாடு மேய்ந்தது. மாட்டின்மேலோ காற்றின்மேலோ குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. குற்றம் எங்களுடையதே.

யூன் 5 என்பது 1972ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் தலைநகரிலே தொடங்கிய ஐக்கிய நாடுகள் மகாநாட்டை நினைவுகூரும் நாள். தென்மேற்கு மழை பெய்யும் கொழும்புக்கும் களுத்துறைக்கும் அது நடுகைக்கு ஏற்ற நாளாகலாம். நமக்கோ அது கோடையின் கொடுமை முற்றும் காலம். மட்டக்களப்புக்கு ஆண்டிலே ஏறக்குறைய 1,650 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்து தீர்கிறது. வயலை எப்போது விதைப்பதென்று நம் பாட்டனார் எவரிடமும் கேட்டதில்லை. மரத்துக்கு மட்டும் நாட்காட்டியைப் பார்த்த படித்த பிள்ளைகள் நாங்கள்!

காலத்தை அறிந்த பின் எதை நடுவது என்று கேட்போம். அதற்கு விடை நம் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியாற் கரடியனாற்றுக்கு வருவோர் இலுப்படிச்சேனையைக் கடந்து வருகின்றனர். அயலிலே வேப்பவெட்டுவான். பட்டினத்திலே புளியந்தீவு, அதற்குத் தெற்கே நாவற்குடா. மரத்தைக் கண்டே முன்னோர் ஊருக்குப் பெயரிட்டனர். இன்று இலுப்படிச்சேனையிலே எத்தனை இலுப்பை நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் யார்? 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி எத்தனையோ மரங்களை வீழ்த்தியது. பின் வந்த போர்க்காலத்திலும், அதன் பின்னரும் கோடரி ஓயவில்லை. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் மரபுக் கதையை நீங்கள் அறிவீர்கள். வேடனொருவன் கொக்கட்டி மரத்தை வெட்ட, வெட்டுவாயிலிருந்து இரத்தம் பெருகியதென்றும், அங்கே இறைவன் வெளிப்பட்டானென்றும் கூறுவர். மரத்தை வெட்டிய கை நடுங்கியதை நினைவூட்டும் கதை அது. தலவிருட்சத்தை வலம்வரும் நாம், அந்தப் பயபக்தியை ஆலய மதிலுக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளலாமா?

கடல் கடந்து ஓர் உதாரணம் காட்டுகிறேன். 1968ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் என்னும் குடியிருப்புத் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் செம்மண் கட்டாந்தரையாய்க் கிடந்தது. மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு வங்கக் கடலில் இறங்கியது. அங்கு குடியேறியோர் முதலிலே வரம்பு கட்டி நீரை மறித்தனர். விரைவாய் வளரும் அந்நிய மரங்களையும் நிழலுக்காக நட்டனர். பின்னர் அவ்வட்டாரத்துக்கே உரிய மரங்களைத் தேடினர். காடழிந்த நாட்டிலே அவை எங்கே எஞ்சியிருந்தன? கிராமத்துக் கோயிற்காடுகளிலே! அங்கே பொறுக்கிய விதைகளும் சேர்ந்தே இன்றைய காடு எழுந்தது. அக்காட்டிலுள்ள பாலை, வீரை, கருங்காலி ஆகியவை நமது காட்டிலும் உள்ளவையே. ஆகவே நமக்கு வேண்டிய விதை விலைக்கு வாங்கும் பொருளன்று. நம் கோயில் வீதியிலும் குளக்கட்டிலும் வீழ்ந்து கிடக்கிறது.

மரத்தைப் பற்றிப் பேசவந்தவன் வயலுக்குள் இறங்குகிறானே என்று எண்ணவேண்டாம். இரண்டும் ஒரே மண்ணின் கதை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அதனையடுத்த பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததையும் நாம் மறக்கவில்லை. இயற்கைப் பசளை பயனற்றதென்று அன்று பலர் முடிவுகட்டினர். நான் அவ்வாறு எண்ணவில்லை. பல ஆண்டுகளாய் மூட்டைப் பசளையை நம்பிக் கிடந்த மண், ஒரே உத்தரவினால் ஒரே போகத்திற் பழைய வளத்தைப் பெறுமா? நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கி ஓடச் சொன்னது போலாயிற்று. மண்ணை ஆண்டுக்கணக்கில் தேற்றவேண்டும். பசளையைப் படிப்படியாய்க் குறைக்கவேண்டும்.

அத்தேற்றுதலை வைக்கோலிலிருந்து தொடங்கலாம். ஒரு தொன் வைக்கோலிலே 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொற்றாசியமும் உண்டு. சூடடித்த பின் அதற்குத் தீ வைத்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையாய்ப் போகிறது. காசு கொடுத்து யூரியா வாங்கும் நாம், கையிலிருப்பதை எரித்துவிடுகிறோம்! மாட்டுக்குப் போக எஞ்சியதை வயலிற் பரப்பி, விதைப்புக்கு 3 கிழமையாவது முன்னே உழுது மடக்கினால் அது மண்ணோடு சேரும். வேலியிலே கிளிசிரிடியா நட்டால் அதன் தழையும் உதவும். அது நம் நாட்டு மரமன்று. ஆயினும் நல்ல வேலையாள். உயர்ந்த வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் புங்கும் மருதும் நின்றால் கரையும் நிலைக்கும், தழையும் கிடைக்கும்.

இனி நம் தொண்டுக்கு வருகிறேன். இளைஞர்களே! ஆளுக்கு நூறு கன்று வேண்டாம், இரண்டு போதும். மழை தொடங்கியதும் நடுங்கள். முள்வேலி கட்டுங்கள். தண்டுக்கு ஒரு சாண் விலக்கி வைக்கோல் பரப்புங்கள். மழை ஓய்ந்ததும், அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்முட்டியைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி வாருங்கள். நீர் சிறுகச் சிறுகக் கசிந்து வேரைச் சேரும். மூன்று கோடை இவ்வாறு காத்தால், பின்பு மரம் நம்மைக் காக்கும்.

பெரியோர்களே! உங்களிடமும் இரண்டு விண்ணப்பங்கள். நல்ல இலுப்பையும் பாலையும் முதிரையும் எங்கே நிற்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்; எங்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். இலுப்பை, நாவல் விதைகள் உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும். ஆகையால் பழம் விழும் காலத்தை எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். அடுத்து, இவ்வாண்டு உங்கள் வயலில் ஒரு துண்டிலேனும் வைக்கோலுக்குத் தீ வைக்காதிருங்கள். எங்கள் பேச்சை நம்பவேண்டாம். அத்துண்டின் மண்ணைக் கையிலெடுத்துப் பாருங்கள். அது சொல்வதைக் கேட்போம்.

ஒன்று கூறி முடிக்கிறேன். யூன் 5ஆந் திகதியை நாம் கைவிட வேண்டியதில்லை. அன்று கன்று நடாமல், குடத்தோடு புறப்படுவோம். ஒவ்வொரு கன்றுக்கும் நீர் வார்ப்போம். உயிரோடு நிற்பவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவோம். அடுத்த ஆண்டு மலரிலே நட்ட தொகையைப் போடவேண்டாம். நின்ற தொகையைப் போடுவோம். அது பத்தேயாயினும் வெட்கமில்லை. நான் நட்ட 25இல் நின்றது ஒன்றுமில்லை என்பதை இச்சபையிலே ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்தக் கணக்கை இம்மாரியிலே திருத்த எனக்கு ஒரு மண்வெட்டியும் இரண்டு கன்றும் தாருங்கள்.