வடக்குப் பார்த்த வளவில் பன்னங்கள்

(நூற்றாண்டையொட்டி லண்டன் கிளை நடத்திய ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



தாவரவியல் வகுப்பில் நெப்ரோலெப்பிசு கீறியவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? சீறிலைகளின் பின்பக்கப் பொட்டுகளில் ஒன்று பிசகினாலும் திரும்பக் கீற வேண்டும். அந்தப் பன்னத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

இங்கே நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவு வடக்குப் பார்த்தது. அயல்வீட்டு மரமும் மறைத்ததால் வெயில் விழாது. றோசா வைத்தேன், மல்லிகை வைத்தேன், ஒன்றும் சரிவரவில்லை. நிழலுக்குப் பன்னம் என்ற ஞாபகத்தில், கடையில் தொங்கிய நெப்ரோலெப்பிசை வாங்கி நிலத்தில் நட்டேன். ஐப்பசி வரை செழித்து நின்றது. முதல் உறைபனியோடு கறுத்துக் கூழாகிவிட்டது. ஊரிலிருந்து அம்மா ரெலிபோனில் விசாரித்தபோது, "நல்லாய் நிக்குது" என்று பொய் சொன்னேன்.

குளிர் தாங்கும் பன்னங்கள் வேறு. இந்த நாட்டுக் காடுகளிலேயே வளரும் டிரையொப்டெரிஸ் பிலிக்ஸ்-மாஸ் அவற்றுள் முதலாவது. மரவேர் ஈரத்தை உறிஞ்சிவிடும் வறண்ட நிழலிலும் அது தாக்குப்பிடிக்கும். இதை 'ஆண் பன்னம்' என்றும், மென்மையான அதிரியத்தை 'பெண் பன்னம்' என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். பெயர்தான் அப்படி, இரண்டிலும் வித்திதான் உண்டு. வித்தியிலிருந்து வரும் இதயவடிவப் புரோதலசில், ஆண் புணரி நீரில் நீந்தித்தான் பெண் புணரியை அடைகிறது. பன்னம் ஈரத்தைத் தேடுவது இதனாலும்தான்.

நடும்போது நான் செய்த அடுத்த பிழை, குருத்து இருக்கும் நடுப்பகுதியை மண்ணுக்குள் புதைத்தது. அது அழுகிவிடும், நிலமட்டத்திலேயே இருக்க வேண்டும். பசளை பெரிதாக வேண்டாம். இலையுதிர்காலத்தில் கூட்டி அள்ளும் சருகைத் துளையிட்ட கறுப்புப் பைகளில் நனைத்துக் கட்டி வையுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் உக்கிவிடும். அதை மண்ணோடு கலந்தால் போதும். முதற் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. காய்ந்த ஓலைகளை மாரியில் வெட்டாதீர்கள், அவை குருத்துக்குப் போர்வை. பங்குனியில் சுருள்கள் நிமிரத் தொடங்கும் முன் வெட்டுங்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே தீக்கோழிப் பன்னத்தின் இளஞ்சுருளைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். 15 நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கீரை போல அரைவேக்காட்டில் இறக்கினால் வயிறு கெடும். மற்றப் பன்னங்களைச் சட்டிக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

மூன்றாம் வருடம் அம்மா வந்தா. அதற்குள் சுவரடியில் 'ஹார்ட்ஸ் டங்' வைத்திருந்தேன். மானின் நாக்குப் போல, வெட்டில்லாத நீள இலை. சுண்ணாம்பு உள்ள பழைய சுவர்களில் தானாகவே முளைப்பது. அம்மா குனிந்து பார்த்தா. என் பொய்யை அவ நம்பியே இருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கிணத்துக்குள்ள சும்மா முளைக்கிறதை ஏன் பிள்ளை காசு குடுத்து வாங்கினனி?"

அம்மா இப்போது இல்லை. அவ தண்ணீர் ஊற்றிய செடிகள் பல தலைகளாகப் பெருத்துவிட்டன. பங்குனியில் பிரிக்கப்போகிறேன். வேண்டியவர்கள் பழைய பையொன்றோடு வாருங்கள்.