நுரையீரல் நோயும் நஷ்ட ஈடும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் கேட்டற்கு இனியதன்று. ஆயினும் கேளாது விடத்தக்கதுமன்று. ஒருவன் கை முறிந்தால் ஊரார் காண்பர். நுரையீரல் பழுதுற்றாலோ நெடுநாள் வரை அவனே அறியான். அப்பழுது பிறரது அசிரத்தையால் நேர்ந்ததாயின், ஈடு கேட்டல் யாசகமா, உரிமையா? உரிமையே என்பது நமது துணிபு. அவ்வுரிமையை நிலைநாட்டுவது சான்று ஒன்றே என்பதும் நமது துணிபு.

குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லைக் கண்ணாடித் தொழிலுக்காக மாவாக அரைப்பர். அப்போது எழும் நுண்டுகள் மூச்சோடு உட்சென்று நுரையீரலின் காற்றறைகளில் தங்கும். உடல் அதனைக் கரைக்கமாட்டாமையின், அவ்விடம் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிஸ் என்னும் இந்நோயை முற்றத் தீர்க்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் வளர்தல் உண்டு. ஆனால் வருமுன் காக்கும் வழிகள் உள. கல்லை நனைத்து அரைத்தல், இயந்திரத்தை மூடிவைத்தல், தூசியை உறிஞ்சி அகற்றல் என்பன அவை. கற்றச்சர் நெஞ்சிற்குக் கற்றூசி செய்யும் கேட்டை இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆதலின் ‘யாம் அறியோம்’ என்று ஆலை முதலாளி கூறுதல் பொருந்தாது. அறியக்கடவதை அறிந்து, செய்யக்கடவதைச் செய்யாமையே அசிரத்தை. ஈடு கொடுக்கும் கடன் அதனின்றே பிறக்கின்றது.

இதற்கு ஓர் உண்மை வழக்கைக் கூறுவோம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா, அலிராஜ்பூர், தார் ஜில்லாக்களின் ஆதிவாசிகள் கூலி தேடிக் குஜராத்தின் கோத்ரா முதலிய இடங்களிலுள்ள கல் அரைவை ஆலைகளுக்குச் சென்றனர். திடகாத்திரராய்ப் போனவர் பலர் இருமலோடு மீண்டனர். க்ஷயரோகம் என்றே கருதப்பட்டு மருந்துண்டவரும் உளர். ஆலையில் உழைத்தமைக்குச் சீட்டு ஒன்றும் அவர்தம் கையில் இல்லை. 2006-இல் அவர்பொருட்டுச் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்யப்பட்டது. 2010-இல் தேசிய மனித உரிமைக் கமிஷன், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் ரூபாய் தருமாறு சிபார்சு செய்தது. 2016-இல் அத்தொகையைக் குஜராத் அரசாங்கம் செலுத்த வேண்டுமெனக் கோர்ட்டார் ஆணையிட்டனர். மனுவுக்கும் ஆணைக்கும் இடையே பத்தாண்டுகள்! ஈட்டுத்தொகை வருமுன் மூச்சு நின்றுவிட்டது.

‘எல்லாம் ஊழ்வினை’ என்று ஆறுதல் கூறுவாரும் நம்மிடையே உளர். குடம் நீரும் ஒரு விசிறியும் விலக்கவல்ல தூசி ஊழாகுமோ? அன்று. சட்டமும் அவ்வாறு கருதவில்லை. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தூசியால் வரும் இத்தகைய நுரையீரல் நோய்களைத் தொழில் நோய்களுள் வைத்து எண்ணுகின்றது. ராஜஸ்தான் அரசாங்கம் 2019-இல் வகுத்த திட்டத்தில், நோய் உறுதிப்பட்டவர்க்கு 3 லட்சமும், அவர் இறப்பின் குடும்பத்தார்க்கு 2 லட்சமும் தருவதென விதித்தது.

ஆகவே, கல்லுடைத்தல், மணல் வார்ப்பு முதலிய தொழில்களிற் புகுந்த நம் இளைஞர்க்கு ஒன்று சொல்வோம். கூலிச் சீட்டு எதுவாயினும் எறியாதீர். சேர்ந்த நாள், நீங்கிய நாள், உடனுழைத்தார் பெயர் இவற்றை எழுதி வீட்டில் வையுங்கள். வைத்தியரிடம் இருமலை மட்டும் சொல்லாது தொழிலையும் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தைப் பத்திரம் போற் காத்திடுங்கள். மனுச் செய்யக் காலவரையறை உண்டாதலின் தாமதியாதீர். எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தருதல் கற்றவர் கடமையாம்.

நம்முள் கூலிக்குச் செல்வாரேயன்றி ஆலை வைத்திருப்பாரும் இருக்கலாம். அவர்க்கும் ஒரு சொல். ஈடு எத்துணைப் பெரிதாயினும் இழந்த மூச்சை மீட்டுத் தாராது. நும் ஆலையில் நாளை எழும் தூசியை இன்றே அடக்குமின். நஷ்ட ஈடு கேட்போரும் கொடுப்போரும் இல்லாத நிலையே நாம் வேண்டுவது.