ஒரு ஷில்லிங் கச்சேரி
(தொழிற்சங்க மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

வேலைக்குப் போகிற வயதில் பையன் கிடாரைத் தூக்கிக்கொண்டு திரிந்தால், "பாட்டு ஒரு பிழைப்பா?" என்று வீட்டில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலாக ஓர் ஊரின் கதையைச் சொல்கிறோம்.

லிவர்பூல் என்ற பெயர் பஞ்சாலைத் தொழிலாளிகளாகிய நமக்குப் புதிதல்ல. அடிமை வியாபாரத்தில் கொழுத்த இங்கிலாந்துத் துறைமுகம் அது. லங்காஷயர் மில்களுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி அங்கேதான் வந்திறங்கியது. நம் நாட்டுப் பஞ்சும் கப்பலேறி அங்கே போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த ஊர். அந்த யுத்த காலத்தில் அங்கே பிறந்த பிள்ளைகள்தான் பீட்டில்ஸ் என்ற பாட்டுக் குழுவினர்.

யார் இவர்கள்? ஜார்ஜ் ஹாரிசனின் தகப்பனார் பஸ் டிரைவர். பால் மெக்கார்ட்னியின் தகப்பனார் பஞ்சு விற்பனையாளர், தாயார் நர்ஸ். ஜான் லெனனின் தகப்பனார் கப்பல் சிப்பந்தி. இவர்கள் பாடிய பாட்டோ அமெரிக்கக் கறுப்பு மக்களின் இசையில் வேர் கொண்டது.

1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குக் கூலிக்குப் பாடப் போனார்கள். இரவுக்கு நாலரை மணி நேரம், சனிக்கிழமை ஆறு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். படுக்கை ஒரு சினிமாக் கொட்டகையின் பின்புறம். பாட்டு உழைப்பா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஊர் திரும்பியதும் 1961 பிப்ரவரி 9இல் காவர்ன் என்ற மன்றத்தில் முதன்முறையாக பீட்டில்ஸ் என்ற பெயரில் வாசித்தார்கள். அது பண்டகசாலைக்கு அடியிலிருந்த நிலவறை. காற்றோட்டம் கிடையாது, கூட்டத்தின் வியர்வை சுவரில் வழியும். கச்சேரி மத்தியான வேளையில்! ஆபீஸ் பெண்கள், கடைச் சிப்பந்திகள், பயிற்சித் தொழிலாளிகள் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வருவார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். குழு முழுவதுக்கும் அன்று கிடைத்த கூலி ஐந்து பவுன். அதாவது நூறு பேர் கொடுத்த ஷில்லிங்.

அந்தக் கூட்டம் வாய் மூடிக் கேட்ட கூட்டமல்ல. இந்தப் பாட்டைப் பாடு என்று கேட்கும், பிடிக்காவிட்டால் சொல்லிவிடும். 1962 ஆகஸ்டில் டிரம் வாசித்த பீட் பெஸ்ட்டை நீக்கி ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தபோது, மன்றத்திலேயே கூச்சலிட்டு எதிர்த்தது. இப்படிக் கேட்டவர்களும் பாடியவர்களும் சேர்ந்து வளர்த்த இசை அது. அங்கே அவர்கள் 292 முறை வாசித்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

பிறகு வியாபாரம் வந்தது. 1962இல் இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம். தட்டின் விலை ஆறு ஷில்லிங்குக்கு மேல். குழுவுக்குக் கிடைத்தது ஒரு தட்டுக்கு ஒரு பென்னி! நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்குக் கால் பென்னி. 1969இல் அவர்களுடைய பாட்டுகளின் வெளியீட்டு உரிமையே வேறொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. பின்னால் அவர்கள் பெரும் செல்வந்தர்களானார்கள் என்பது உண்மை. ஆனால் சொந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரராக இருக்க முடியவில்லை.

1963 ஆகஸ்ட் 3இல் காவர்னில் கடைசிக் கச்சேரி. அடுத்த வருஷம் ஜூலையில் ஊர் திரும்பியபோது சுமார் இரண்டு லட்சம் பேர் தெருவில் நின்று வரவேற்றார்கள். 1973இல் அந்த மன்றத்தையே மூடி, நிலவறையைத் தூர்த்துவிட்டார்கள். சுரங்க ரயிலுக்குக் காற்றுப் போக்கி கட்டவாம். அதைக் கட்டவே இல்லை! 1984இல் பழைய செங்கற்களில் பலவற்றை எடுத்து மறுபடியும் மன்றம் எழுப்பினார்கள்.

தோழர்களே! சாப்பாட்டு வேளையில் ஒரு ஷில்லிங் கொடுத்த அந்தப் பெண்களுக்கு இவர்கள் உலகப் புகழ் பெறுவார்கள் என்று தெரியாது. தங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்று வந்து நின்றார்கள், அவ்வளவே. நம் பையன் கிடாரை எடுத்தால், பிழைப்பா என்று கேட்பதற்கு முன் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்போம். நன்றாக இருந்தால் கை தட்டுவோம், இல்லாவிட்டால் சொல்லுவோம். நாளை யாராவது காகிதத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தால், "தட்டுக்கு எத்தனை பென்னி?" என்று கேட்கவும் சொல்லிக் கொடுப்போம்.