திரும்பி வருவான்!

பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் பெருங்குற்றம் புரிந்துவிட்டான் எனச் செய்தி வந்தால், "சிறுவனாம் சிறுவன்! செய்தது சிறிதா? தூக்கிலே போடு!" என்ற முழக்கம் தெருமுனையிலே எழுகிறது. அந்தச் சினத்தை ஏளனம் செய்ய நான் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீர் முன்னே எந்தத் தத்துவமும் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால், ஒன்று கேட்கிறேன். அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியதோடு கதை முடிந்துவிடுகிறதா?

முடியவில்லை! அவன் திரும்பி வருவான். குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதவனுக்குத் தூக்கும் கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் சிறையும் கிடையாது என்கிறது சட்டம். வருவது உறுதி. எப்படிப்பட்டவனாக வருவான்? தச்சுத் தொழில் கற்ற கரத்தோடா, கள்ளச்சாவி செய்யக் கற்ற கரத்தோடா? நீதி விடை காண வேண்டிய கேள்வி அதுதான்!

இந்த விடையைத் தேடுவதிலே நம் மண் முந்தி நின்றது. 1920-லேயே, இந்தியாவில் முதலாவதாக, சென்னை மாகாணம் குழந்தைகளுக்கெனச் சட்டம் கண்டது. வங்கம் 1922-லே, பம்பாய் 1924-லே பின்தொடர்ந்தன. சிறுவனுக்கு வேண்டியது சிறைக்கூடமல்ல, பள்ளிக்கூடம் என்ற எண்ணம் அன்றே இங்கு வேரூன்றிற்று.

2012 டிசம்பரில், டில்லியிலே, ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டையே உலுக்கிற்று. கொடியோர் அறுவரில் ஒருவன் 18 நிரம்பாதவன். அன்றைய சட்டத்தின் உச்சவரம்பான மூன்றாண்டே அவனுக்குக் கிடைத்தது. "வயது வரம்பைக் குறை!" என நாடு கொதித்தது. 2013-லே, அந்தக் கொதிப்பின் நடுவிலேயே, நீதிபதி வர்மா குழு குறைக்க வேண்டாம் என்றது. உச்சநீதிமன்றமும் குறைக்க மறுத்தது. ஆயினும், 2015 டிசம்பரில் அவன் வெளிவந்த இரண்டே நாளில், மாநிலங்களவை புதுச் சட்டத்துக்கு இசைவு தந்தது. 16 வயது கடந்த சிறுவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவன் மன முதிர்ச்சியை அளந்து, பெரியவனைப்போல் விசாரிக்க அனுப்பலாம். அளப்பதற்குத் தவணை மூன்று மாதம்!

மனத்தை அளக்க எந்த முழக்கோலைத் தேடுவது? குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே, "குற்றம் செய்தபோது இவன் மனம் எப்படியிருந்தது?" என்று ஆராய்வது எந்த ஊர் நியாயம்? கொதித்தது பிழையல்ல, தோழர்களே! கொதிப்பு ஆறுமுன் சட்டம் சமைத்ததே பிழை!

மறுபக்கமும் உண்டு. 2024 மே மாதம், புனே நகரில் விலையுயர்ந்த கார் மோதி இருவர் மாண்டனர். ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் 17 வயதினன், செல்வர் வீட்டுப் பிள்ளை. சில மணி நேரத்தில் பிணை; நிபந்தனைகளுள் ஒன்று, விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை! சட்டமே கேலிக்கூத்து என்றனர் பலர். நான் கேட்பது வேறு. பிணை எல்லாச் சிறுவர்க்கும் பொதுவிதி. கைப்பேசி திருடியதாகப் பிடிபடும் குடிசைச் சிறுவனுக்கு அந்த வேகம் கிடைக்கிறதா? சட்டம் இளகியது; ஆனால், யாருக்காக இளகுகிறது?

ஆகவே, தோழரே, உம் தெருவிலே ஒரு சிறுவன் பிடிபட்டால் வேடிக்கை பார்க்காதீர். அவனைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே நடுவரோடு சமூகப் பணியாளர் இருவர் அமர்வர். அவர்களில் ஒருவரேனும் பெண். அவன் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. இவை சலுகைகள் அல்ல, சட்டம் தந்த உரிமைகள்! அழுதுநிற்கும் தாய்க்குத் துணையாகச் செல்லுங்கள். இலவசச் சட்ட உதவி கேளுங்கள். தவணை முடிந்து வருபவனுக்குப் பட்டறையிலே ஓர் இடம் தேடிக் கொடுங்கள்.

அவன் திரும்பி வருவான். திருடனாகவா, தொழிலாளியாகவா? நாம் திறந்துவைக்கும் கதவிலே இருக்கிறது விடை!